குடியரசுக் கட்சி வேட்பாளர் தேர்வில் மிதவாதிகள் - பழமைவாதிகள் முரண்பாடு

ஐக்கிய அமெரிக்காவின் இரு பெரும் கட்சிகளுள் ஒன்று குடியரசுக் கட்சி. அக்கட்சியின் சார்பில் தேர்தலில் நிற்பவர் யார் என்பதை முடிவு செய்வதில் மிதவாதிகளுக்கும் பழமைவாதிகளுக்கும் இடையே நீண்ட காலமாகப் போட்டி நிலவி வருகிறது. கொள்கையில் உறுதியானவரை நிறுத்த வேண்டுமா, எதிர்க்கட்சி ஆதரவாளர்களையும் கட்சி சாராதவர்களையும் கவரக்கூடியவரை நிறுத்த வேண்டுமா என்பதே இப்போட்டியின் மையக் கேள்வி. 1964, 1976 ஆகிய ஆண்டுகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளர் தேர்வுகளிலும், 2010க்குப் பின்னர் நடந்த செனட் சபை வேட்பாளர் தேர்வுகளிலும் இம்முரண்பாடு மிகத் தெளிவாக வெளிப்பட்டது. ஒரு கட்சியின் உட்பூசலாகத் தோன்றினாலும், நாட்டின் சட்டங்களை இயற்றுபவர் யார் என்பதைச் சில சமயங்களில் இதுவே முடிவு செய்திருக்கிறது.

சொற்களின் பொருள்

அமெரிக்க அரசியலில் பழமைவாதி என்பவர் பொதுவாக அரசின் பணிகள் குறைவாக இருக்க வேண்டும், வரிகள் குறைய வேண்டும், மத்திய அரசைவிட மாநிலங்களுக்கு அதிக உரிமை வேண்டும் என்று கருதுபவர். 1970களுக்குப் பிறகு கருக்கலைப்பு எதிர்ப்பு, சமய நம்பிக்கை சார்ந்த குடும்ப விழுமியங்கள் ஆகியவையும் இக்கருத்துத் தொகுப்பில் சேர்ந்துகொண்டன.

மிதவாதி என்ற சொல்லுக்கு இவ்வளவு தெளிவான கொள்கைத் தொகுப்பு கிடையாது. வரி, வணிகம் ஆகியவற்றில் கட்சியின் பொதுக் கருத்தை ஏற்றுக்கொண்டு, சமூக நலத் திட்டங்கள், குடியுரிமைச் சட்டங்கள், சுற்றுச்சூழல் போன்றவற்றில் எதிர்க்கட்சியோடு இணைந்து செயல்படத் தயங்காதவர்களே பெரும்பாலும் இப்பெயரால் குறிக்கப்பட்டனர். நியூயார்க் மாநில ஆளுநராக இருந்த நெல்சன் ராக்பெல்லரின் பெயரால் இவர்களை 'ராக்பெல்லர் குடியரசுக் கட்சியினர்' என்றும் அழைப்பதுண்டு. எதிரணியினர் இவர்களைப் 'பெயரளவில் மட்டும் குடியரசுக் கட்சியினர்' என்று கேலி செய்வர்.

இரண்டும் காலத்துக்குக் காலம் பொருள் மாறும் சொற்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் உறுதியான பழமைவாதியாக அறியப்பட்ட ஒருவர், கருத்து எதையும் மாற்றிக்கொள்ளாமலேயே அடுத்த தலைமுறையில் மிதவாதியாகக் கருதப்பட்டிருக்கிறார்.

வேட்பாளர் தேர்வு முறை

இம்முரண்பாட்டைப் புரிந்துகொள்ள, அமெரிக்காவில் வேட்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்படும் முறையை அறிவது அவசியம். அங்கு வேட்பாளர் பட்டியலைக் கட்சித் தலைமை தயாரித்து அறிவிப்பதில்லை. கட்சி ஆதரவாளர்களான வாக்காளர்களே, பொதுத்தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்னர் நடைபெறும் முதல்நிலைத் தேர்தலில் வாக்களித்துத் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கின்றனர். இத்தேர்தலைப் பிரைமரி என்பர். இதனை நடத்துவது மாநில அரசு.

தொடக்கத்தில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கட்சி மாநாடுகளில் கூடிய பேராளர்களும், அவர்களை ஆட்டிவைத்த உள்ளூர்த் தலைவர்களும் வேட்பாளர்களை முடிவு செய்தனர். இதனை மாற்ற வேண்டும் என்று போராடியவர்களுள் விஸ்கான்சின் மாநில ஆளுநர் ராபர்ட் லா பாலெட் முக்கியமானவர். அம்மாநிலத்தில் 1903ஆம் ஆண்டு முதல்நிலைத் தேர்தல் சட்டம் நிறைவேறியது. அடுத்த சில ஆண்டுகளில் மற்ற மாநிலங்களும் இம்முறையைப் பின்பற்றத் தொடங்கின.

முதல்நிலைத் தேர்தல்களில் பல வகைகள் உள்ளன:

மூடிய முறை: அக்கட்சியின் ஆதரவாளராகப் பதிவு செய்துகொண்டவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம்.

திறந்த முறை: எந்த வாக்காளரும் ஏதேனும் ஒரு கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் வாக்களிக்கலாம்.

பொது முறை: எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில் இடம்பெறுவர், அதிக வாக்குப் பெற்ற இருவரோ நால்வரோ கட்சி வேறுபாடின்றி அடுத்த சுற்றுக்குச் செல்வர்.

மாநிலத்துக்கு மாநிலம் முறை வேறுபடுவதால், ஒரே விதமான வேட்பாளர் ஓரிடத்தில் எளிதாக வெல்வதும் மற்றோரிடத்தில் தோற்பதும் நிகழ்கிறது.

முரண்பாட்டின் அடிப்படைக் காரணம்

ஒவ்வொரு வேட்பாளரும் இரண்டு வெவ்வேறு வாக்காளர் கூட்டங்களைச் சந்திக்க வேண்டியிருப்பதே முரண்பாட்டின் வேர். முதல்நிலைத் தேர்தலில் வாக்களிப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவானவர்கள். அரசியலில் ஈடுபாடும் கொள்கைப் பிடிப்பும் மிகுந்தவர்கள். பொதுத்தேர்தலில் வாக்களிப்பவர்களோ பல மடங்கு அதிகம். அவர்களில் எதிர்க்கட்சியினரும் எக்கட்சியையும் சாராதவர்களும் அடங்குவர்.

அரசியல் பொருளியல் அறிஞர் அந்தோனி டவுன்சு 1957ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், இரு கட்சிகள் மட்டும் போட்டியிடும்போது இரண்டும் நடுநிலை வாக்காளரை நோக்கி நகரும் போக்கு உண்டு என்று விளக்கினார். பொதுத்தேர்தலுக்கு இந்த விளக்கம் ஓரளவு பொருந்தும். ஆனால் முதல்நிலைத் தேர்தலில் நடுநிலை வாக்காளர் என்பவர் கட்சிக்குள்ளேயே நடுவில் இருப்பவர். அவர் நாட்டின் நடுவிலிருந்து வெகுதூரம் விலகியிருக்கக்கூடும். முதல் கூட்டத்தைக் கவரும் பேச்சு இரண்டாம் கூட்டத்தை விரட்டலாம். இரண்டாம் கூட்டத்தைக் கவரக்கூடியவர் முதல் கூட்டத்தைத் தாண்டாமலே போகலாம்.

தொகுதி எல்லைகளும் இதற்குக் காரணமாகின்றன. பிரதிநிதிகள் சபைத் தொகுதிகளில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு கட்சிக்குப் பாதுகாப்பானவை. அத்தகைய தொகுதியில் முதல்நிலைத் தேர்தலே உண்மையான தேர்தல். பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. எனவே பதவியில் இருப்பவர் எதிர்க்கட்சியைக் கண்டு அஞ்சுவதைவிடத் தன் கட்சிக்குள்ளிருந்து வரும் போட்டியாளரைக் கண்டே அதிகம் அஞ்சுகிறார்.

வரலாறு

1912: முதல் பெரும் பிளவு

முதல்நிலைத் தேர்தல்கள் குடியரசுத் தலைவர் வேட்பாளர் தேர்வில் முதன்முதலாக முக்கியத்துவம் பெற்ற ஆண்டு 1912. அப்போது பதவியில் இருந்த வில்லியம் ஹோவர்ட் டாஃப்டை எதிர்த்து முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் களமிறங்கினார். அக்காலத்தில் எதிரெதிர் அணிகளின் பெயர் பழமைவாதிகள், முற்போக்காளர்கள் என்பதாக இருந்தது. முதல்நிலைத் தேர்தல் நடந்த மாநிலங்களில் பெரும்பாலானவற்றை ரூஸ்வெல்ட் வென்றார். டாஃப்டின் சொந்த மாநிலமான ஒகையோவும் அவற்றுள் ஒன்று.

ஆனால் பெரும்பாலான பேராளர்கள் அன்றும் கட்சி அமைப்பின் பிடியில்தான் இருந்தனர். சிகாகோ மாநாடு டாஃப்டையே தேர்ந்தெடுத்தது. ரூஸ்வெல்ட் வெளியேறி முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார். கட்சியின் வாக்குகள் இரண்டாகப் பிரிந்ததால் ஜனநாயகக் கட்சியின் வுட்ரோ வில்சன் சுமார் 42 விழுக்காடு வாக்குகளுடன் வென்றார். டாஃப்டுக்குக் கிடைத்தவை 8 தேர்வாளர் வாக்குகள் மட்டுமே. வேட்பாளர் தேர்வில் தோற்ற அணி வெளியேறினால் இரு அணிகளுமே தோற்கும் என்பது அந்தத் தேர்தல் தந்த பாடம்.

1952: ஐசனாவரும் ராபர்ட் டாஃப்டும்

1940 முதல் 1948 வரை வெண்டெல் வில்கி, தாமஸ் டூயி என, கிழக்குக் கடற்கரை மாநிலங்களின் மிதவாதத் தலைவர்கள் ஆதரித்தவர்களே கட்சியின் வேட்பாளர்களாயினர். மூன்று தேர்தல்களிலும் தோற்றனர். மிதவாதி நின்றால்தான் வெற்றி என்ற வாதம் பொய்த்துவிட்டது என்று நடுமேற்கு மாநிலங்களின் பழமைவாதிகள் கருதினர். அவர்களின் தலைவர் ஒகையோவைச் சேர்ந்த செனட்டர் ராபர்ட் டாஃப்ட். அவர் முன்னாள் குடியரசுத் தலைவர் டாஃப்டின் மகன்.

1952இல் மிதவாதிகள் இரண்டாம் உலகப்போர்த் தளபதி டுவைட் ஐசனாவரை முன்னிறுத்தினர். டெக்சாஸ், சார்சியா, லூசியானா ஆகிய மாநிலங்களின் பேராளர்கள் யார் என்பதில் தகராறு ஏற்பட்டது. தகராறுக்கு உட்பட்ட பேராளர்கள் மற்றப் பேராளர்களின் தகுதி பற்றிய வாக்கெடுப்பில் பங்கேற்கக் கூடாது என்று ஐசனாவர் தரப்பு கொண்டுவந்த விதித் திருத்தம் மாநாட்டில் நிறைவேறியது. அதன்பின் அவரது தேர்வு உறுதியானது. அவர் பொதுத்தேர்தலிலும் பெருவெற்றி பெற்றார். ஆயினும் தங்கள் தலைவரிடமிருந்து வாய்ப்பு பறிக்கப்பட்டது என்ற மனக்குறை பழமைவாதிகளிடம் நிலைத்தது.

1964: கோல்ட்வாட்டரின் எழுச்சி

அந்த மனக்குறை அரிசோனா மாநில செனட்டர் பாரி கோல்ட்வாட்டரின் பின்னால் ஓர் இயக்கமாகத் திரண்டது. அவரது ஆதரவாளர்கள் மாநில மாநாடுகளில் முன்கூட்டியே புகுந்து பேராளர் இடங்களைக் கைப்பற்றினர். எதிரில் நின்றவர் ராக்பெல்லர். மணவிலக்குக்குப் பின் அவர் 1963இல் செய்துகொண்ட மறுமணம் பல வாக்காளர்களின் ஆதரவை இழக்கச் செய்திருந்தது. ஓரிகன் மாநிலத்தில் வென்ற ராக்பெல்லர், 1964 சூன் மாதம் நடந்த கலிபோர்னியா முதல்நிலைத் தேர்தலில் சிறிய வித்தியாசத்தில் தோற்றார். அம்மாநிலத்தின் 86 பேராளர்களும் கோல்ட்வாட்டருக்குச் சென்றனர்.

கடைசி நேரத்தில் பென்சில்வேனியா ஆளுநர் வில்லியம் ஸ்கிராண்டனை நிறுத்தி மிதவாதிகள் முயன்று பார்த்தனர். பயனில்லை. சான் பிரான்சிஸ்கோ பகுதியில் நடந்த மாநாட்டில் கோல்ட்வாட்டர் 883 வாக்குகளும் ஸ்கிராண்டன் 214 வாக்குகளும் பெற்றனர். தீவிரவாதக் குழுக்களைக் கண்டிக்குமாறு மேடையில் பேசிய ராக்பெல்லரைக் கூட்டத்தினர் கூச்சலிட்டுத் தடுத்தனர். ஏற்புரையில் கோல்ட்வாட்டர், சுதந்திரத்தைக் காக்கும் தீவிரம் குற்றமாகாது என்ற பொருளில் பேசியது, தோற்ற அணியினரின் கோபத்தை மேலும் வளர்த்தது. மிச்சிகன் ஆளுநர் சார்ச் ராம்னி போன்றோர் அவருக்கு ஆதரவு தர மறுத்தனர்.

பொதுத்தேர்தலில் லிண்டன் ஜான்சன் சுமார் 61 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். கோல்ட்வாட்டர் 6 மாநிலங்களில் மட்டும் வென்றார். பிரதிநிதிகள் சபையில் கட்சி 36 இடங்களை இழந்தது. ஆனால் அவர் வென்ற மாநிலங்களில் ஐந்து, அதுவரை ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த தென்பகுதியைச் சேர்ந்தவை. அவ்வாண்டு நிறைவேறிய குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து அவர் வாக்களித்திருந்தது இதற்கு முக்கியக் காரணம். கட்சியின் ஆதரவுத் தளம் வடகிழக்கிலிருந்து தெற்குக்கும் மேற்குக்கும் நகரத் தொடங்கியதை அந்தத் தோல்வி காட்டியது.

1976: போர்டும் ரேகனும்

1968இல் ஜனநாயகக் கட்சி, எந்த முதல்நிலைத் தேர்தலிலும் போட்டியிடாத ஹூபர்ட் ஹம்ப்ரியை வேட்பாளராக்கியது பெரும் கலகத்தை உண்டாக்கியது. அதன்பின் அக்கட்சி தன் விதிகளைத் திருத்தியது. மாநிலச் சட்டங்களும் மாறியதால், 1972 முதல் இரு கட்சிகளிலும் பேராளர்களில் பெரும்பகுதியினர் முதல்நிலைத் தேர்தல்கள் வழியாகவே தேர்ந்தெடுக்கப்பட்டனர். கட்சித் தலைவர்களின் கையிலிருந்த அதிகாரம் வாக்காளர்களிடம் சென்றது.

இம்மாற்றத்தின் முழுப் பயனை அடைந்தவர் முன்னாள் கலிபோர்னியா ஆளுநர் ரொனால்டு ரேகன். 1976இல் அவர் பதவியில் இருந்த குடியரசுத் தலைவர் ஜெரால்டு போர்டை எதிர்த்து நின்றார். தொடக்கத்தில் தொடர்ந்து தோற்ற ரேகன், வடகரோலினாவில் வென்ற பிறகு வேகம் பெற்றார். பழமைவாதிகளைச் சமாதானப்படுத்தும் வகையில், துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ராக்பெல்லர் மீண்டும் போட்டியிடுவதில்லை என முன்னரே அறிவித்திருந்தார்.

கான்சாஸ் நகர மாநாட்டுக்கு முன் ரேகன் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். மிதவாத செனட்டர் ரிச்சர்ட் ஷ்வைக்கரைத் தன் துணைத்தலைவர் வேட்பாளராக அறிவித்தார். மிதவாதப் பேராளர்களை ஈர்ப்பதற்கான இம்முயற்சி, பழமைவாதிகள் சிலரை அவரிடமிருந்து விலகச் செய்தது. இறுதியில் போர்டு 1,187 வாக்குகளும் ரேகன் 1,070 வாக்குகளும் பெற்றனர். பொதுத்தேர்தலில் போர்டு ஜிம்மி கார்ட்டரிடம் தோற்றார்.

1980இல் வேட்பாளரான ரேகன், மிதவாத அணியைச் சேர்ந்தவராகக் கருதப்பட்ட சார்ச் எச். டபிள்யூ. புஷ்ஷைத் துணைத்தலைவர் வேட்பாளராக ஏற்றுக்கொண்டார். 1980இல் 44 மாநிலங்களிலும் 1984இல் 49 மாநிலங்களிலும் அவர் வென்றார். பழமைவாதியை நிறுத்தினால் 1964 போலத் தோல்விதான் என்ற வாதம் அத்துடன் வலுவிழந்தது.

2010: தேநீர் விருந்து இயக்கம்

2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் வங்கிகளைக் காப்பாற்ற அரசு நிதி வழங்கியதும், பராக் ஒபாமா ஆட்சியின் செலவுத் திட்டங்களும் சேர்ந்து 'தேநீர் விருந்து' என்னும் எதிர்ப்பியக்கத்தை 2009இல் உருவாக்கின. இவ்வியக்கத்தினர் எதிர்க்கட்சியோடு நில்லாமல், சமரசம் செய்துகொண்டதாகக் கருதப்பட்ட சொந்தக் கட்சிக்காரர்களையும் முதல்நிலைத் தேர்தல்களில் எதிர்த்தனர். வங்கி மீட்பு நிதிக்கு ஆதரவாக வாக்களித்த யூட்டா செனட்டர் பாப் பென்னட் 2010இல் மாநில மாநாட்டிலேயே வேட்பாளர் வாய்ப்பை இழந்தார்.

டெலவேர் மாநிலத்தில் நடந்தது இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு. முன்னாள் ஆளுநரும், மாநிலம் முழுவதற்குமான ஒரே பிரதிநிதிகள் சபை உறுப்பினராக ஒன்பது முறை வென்றவருமான மைக் காசில் செனட் சபைக்குப் போட்டியிட்டார். ஜனநாயகக் கட்சி வலுவாக உள்ள அம்மாநிலத்தில் அவர் வெல்வார் என்று பரவலாக எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் மூடிய முறையில் நடந்த முதல்நிலைத் தேர்தலில் கிறிஸ்டின் ஓ'டானல் அவரைத் தோற்கடித்தார். அதில் வாக்களித்தவர்கள் சுமார் 57,000 பேர். நவம்பர் பொதுத்தேர்தலில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் கூன்ஸ் சுமார் 57 விழுக்காடு பெற்று வென்றார். காசிலை விரும்பியிருக்கக்கூடிய பெரும்பான்மையோருக்கு அவர் பெயருள்ள வாக்குச்சீட்டே கிடைக்கவில்லை.

அதே ஆண்டு நெவாடாவிலும் தேநீர் விருந்து இயக்க ஆதரவுடன் நின்ற ஷாரன் ஆங்கிள் தோற்றார். செனட் சபையில் குடியரசுக் கட்சிக்குக் கூடுதலாக 6 இடங்கள் கிடைத்தும் பெரும்பான்மை கிட்டவில்லை. ஆனால் இதே இயக்கத்தின் ஆதரவில் புளோரிடாவில் மார்கோ ரூபியோவும் கென்டக்கியில் ராண்ட் பாலும் வென்றனர். பிரதிநிதிகள் சபையில் கட்சி 63 இடங்களைக் கூடுதலாகப் பெற்றது. ஆகவே கொள்கைத் தீவிரம் எப்போதும் தோல்வி தரும் என்று பொதுமைப்படுத்த இயலாது.

அலாஸ்காவில் கதை வேறுவிதமாக முடிந்தது. செனட்டர் லீசா முர்கவ்ஸ்கி முதல்நிலைத் தேர்தலில் ஜோ மில்லரிடம் தோற்றார். ஆனால் வாக்காளர்கள் வாக்குச்சீட்டில் பெயரைக் கையால் எழுதி வாக்களிக்கும் வசதியைப் பயன்படுத்தி அவர் பொதுத்தேர்தலில் நின்றார். பெயரைப் பிழையின்றி எழுத உதவும்படி, பெயர் பொறித்த கைப்பட்டைகள் வாக்காளர்களுக்கு வழங்கப்பட்டன. எழுத்துப்பிழை உள்ள வாக்குகளை எதிர்த்து மில்லர் தொடுத்த வழக்குகள் வெற்றி பெறவில்லை. 1954க்குப் பிறகு இவ்வகையில் செனட் சபைக்குத் தேர்வான முதல் நபர் முர்கவ்ஸ்கி.

2012 - 2014: தொடர்ந்த மோதல்கள்

1977 முதல் இந்தியானா மாநில செனட்டராக இருந்த ரிச்சர்ட் லூகர், அணு ஆயுதக் குறைப்பில் ஜனநாயகக் கட்சியினருடன் இணைந்து பணியாற்றியவர். 2012 முதல்நிலைத் தேர்தலில் அவரை ரிச்சர்ட் மர்டாக் தோற்கடித்தார். பொதுத்தேர்தலுக்கு முன் பாலியல் வன்முறையால் ஏற்படும் கருவுறுதல் குறித்து மர்டாக் கூறிய கருத்து கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. அந்த இடம் ஜனநாயகக் கட்சியின் ஜோ டானலிக்குச் சென்றது.

அதே ஆண்டு மிசூரியில், எதிர்க்கட்சியே இந்த முரண்பாட்டைப் பயன்படுத்திக்கொண்டது. அங்கு பதவியிலிருந்த ஜனநாயகக் கட்சி செனட்டர் கிளேர் மெக்காஸ்கில், தனக்கு எளிதான எதிராளி என்று கருதிய டாட் ஏக்கின் குடியரசுக் கட்சி முதல்நிலைத் தேர்தலில் வெல்ல உதவும் வகையில் விளம்பரங்களை வெளியிட்டார். இதனை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். ஏக்கின் முதல்நிலைத் தேர்தலில் வென்று பொதுத்தேர்தலில் தோற்றார்.

2014இல் பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் எரிக் கேண்டர், வர்ஜீனியாவில் கல்லூரிப் பேராசிரியர் டேவ் பிராட்டிடம் தோற்றார். அத்தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 65,000 பேர். அதே மாதம் மிசிசிப்பியில் மூத்த செனட்டர் தாட் காக்ரன், இரண்டாம் சுற்றில் கிறிஸ் மெக்டானியலை வென்று தப்பினார். அம்மாநிலத்தில் வாக்காளர்கள் கட்சி வாரியாகப் பதிவு செய்யப்படுவதில்லை. வழக்கமாக ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கும் கறுப்பின மக்களிடம் காக்ரன் ஆதரவு கேட்டதே அவரைக் காப்பாற்றியது எனக் கருதப்படுகிறது. கட்சியின் வேட்பாளரைக் கட்சியைச் சாராதவர்கள் முடிவு செய்யலாமா என்ற கேள்வியை மெக்டானியல் தரப்பினர் எழுப்பினர்.

2016க்குப் பின்

2016இல் டொனால்ட் டிரம்ப் முதல்நிலைத் தேர்தல் வாக்குகளில் பாதிக்கும் குறைவாகவே பெற்று வேட்பாளரானார். எதிர்ப்பு வாக்குகள் பலரிடையே சிதறியதும், பல மாநிலங்களில் முதலிடம் பெற்றவருக்கே பெரும்பாலான பேராளர்களை வழங்கும் விதி இருந்ததும் அவருக்கு உதவின. பொதுத்தேர்தலில் அவர் பெற்ற வெற்றிக்குப் பிறகு மிதவாதி, பழமைவாதி என்ற சொற்களின் பொருளே மாறியது. வரி, பாதுகாப்பு, கருக்கலைப்பு ஆகியவற்றில் ஒருவர் எப்படி வாக்களித்தார் என்பதைவிட டிரம்ப்பை ஆதரித்தாரா என்பதே அளவுகோலாயிற்று.

2021இல் டிரம்ப்புக்கு எதிரான பதவிநீக்கத் தீர்மானத்தைப் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியினர் 10 பேர் ஆதரித்தனர். 2022இல் அவர்களுள் 4 பேர் போட்டியிடவில்லை. 4 பேர் முதல்நிலைத் தேர்தலில் தோற்றனர். 2 பேர் மட்டுமே மீண்டும் வென்றனர். தோற்றவர்களுள் ஒருவரான லிஸ் செனி, நீண்ட காலம் உறுதியான பழமைவாதியாக அறியப்பட்டவர்.

பழமைவாதிகளின் வாதம்

வேட்பாளர் என்பவர் கட்சியின் கொள்கையைத் தாங்கிச் செல்பவர். வெற்றிக்காகக் கொள்கையை விட்டுக்கொடுப்பவரைத் தேர்ந்தெடுத்தால், வென்ற பிறகு அவர் எதிர்க்கட்சியோடு சேர்ந்து வாக்களிப்பார். அத்தகைய வெற்றியால் பயனில்லை என்பது இவர்களின் முதல் வாதம். பென்சில்வேனியா செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டரை இதற்கு எடுத்துக்காட்டுவர். 2004இல் பாட் டூமி அவரை முதல்நிலைத் தேர்தலில் எதிர்த்தபோது, கட்சித் தலைமை ஸ்பெக்டரை ஆதரித்துக் காப்பாற்றியது. 2009இல் அவர் ஜனநாயகக் கட்சிக்கு மாறினார். 2010இல் டூமி அந்த இடத்தை வென்றார்.

மிதவாதிகள் எப்போதும் வெல்வதில்லை என்பது இரண்டாம் வாதம். டூயி, போர்டு, 1996இல் பாப் டோல், 2008இல் சான் மெக்கெய்ன், 2012இல் மிட் ராம்னி ஆகியோரின் தோல்விகளை இவர்கள் பட்டியலிடுவர்.

மிதவாதிகளின் வாதம்

தோற்றவரால் எந்தக் கொள்கையையும் சட்டமாக்க முடியாது என்பதே மிதவாதிகளின் அடிப்படை வாதம். பாதி நேரம் நம்மோடு வாக்களிக்கும் ஒருவர், எப்போதும் எதிர்த்து வாக்களிக்கும் எதிர்க்கட்சிக்காரரைவிட மேலானவர் என்பர். டெலவேர், இந்தியானா ஆகியவற்றை இதற்குச் சான்றாகக் காட்டுவர். ஒவ்வொரு மாநிலமும் வேறுபட்டது. தெற்கில் வெல்லும் வேட்பாளரை வடகிழக்கில் நிறுத்தினால் வெல்ல முடியாது என்பதும் இவர்களின் கருத்து.

இரு வாதங்களுக்கும் இடையே ஒரு சமரசத்தைப் பழமைவாத எழுத்தாளர் வில்லியம் எஃப். பக்லி முன்வைத்தார். வெல்லக்கூடியவர்களுள் மிகவும் பழமைவாதியாக உள்ளவரை ஆதரிக்க வேண்டும் என்பது அவரது விதி. கேட்பதற்கு எளிதான இவ்விதியில், வெல்லக்கூடியவர் யார் என்பதை முன்கூட்டியே எப்படி அறிவது என்ற சிக்கல் உள்ளது. கோல்ட்வாட்டரின் படுதோல்விக்குப் பின் ரேகனை வெல்லக்கூடியவராகப் பலர் எண்ணவில்லை. காசில் வெல்வார் என்று எண்ணியவர்களின் கணிப்பு முதல்நிலைத் தேர்தலையே தாண்டவில்லை.

முறை மாற்ற முயற்சிகள்

முரண்பாட்டைத் தணிக்கச் சில மாநிலங்கள் தேர்தல் முறையையே மாற்றின. வாசிங்டன் மாநிலம் 2008 முதலும், கலிபோர்னியா 2010இல் நடந்த மக்கள் வாக்கெடுப்புக்குப் பின்னரும், முதல் இருவரை அடுத்த சுற்றுக்கு அனுப்பும் பொது முறையைப் பின்பற்றுகின்றன. அலாஸ்கா 2020இல் முதல் நால்வரை அனுப்பி, பொதுத்தேர்தலில் வாக்காளர்கள் விருப்ப வரிசைப்படி வாக்களிக்கும் முறையை ஏற்றது. 2022இல் முர்கவ்ஸ்கி இம்முறையிலேயே மீண்டும் வென்றார்.

பதவிநீக்கத் தீர்மானத்தை ஆதரித்து 2022இல் மீண்டும் வென்ற இருவரும் கலிபோர்னியாவையும் வாசிங்டனையும் சேர்ந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் அத்தீர்மானத்தை ஆதரித்த மற்றொரு வாசிங்டன் மாநில உறுப்பினர் அதே பொது முறையில் தோற்றார். அவரை முந்திய குடியரசுக் கட்சி வேட்பாளர் பொதுத்தேர்தலில் ஜனநாயகக் கட்சியிடம் தோற்றார். எனவே முறை மாற்றம் உதவக்கூடும் என்றாலும் முடிவை அது மட்டுமே தீர்மானிப்பதில்லை.

தேர்வில் தோற்றவர் பொதுத்தேர்தலில் நிற்பதைப் பெரும்பாலான மாநிலச் சட்டங்கள் தடுக்கின்றன. இச்சட்டங்கள் 1912 போன்ற பிளவுகளைத் தவிர்க்கின்றன. அதே வேளையில், கட்சிக்குள் சிறுபான்மையாகவும் பொதுமக்களிடம் பெரும்பான்மையாகவும் ஆதரவு பெற்ற ஒருவரின் வாய்ப்பையும் அடைத்துவிடுகின்றன.

ஜனநாயகக் கட்சியில் இதே நிலை

இம்முரண்பாடு ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று. ஜனநாயகக் கட்சியில் மிதவாதிகளுக்கும் முற்போக்காளர்களுக்கும் இடையே இதே போன்ற போட்டி உண்டு. 2006இல் கனெடிகட் செனட்டர் ஜோ லீபர்மேன் ஈராக் போரை ஆதரித்ததால் முதல்நிலைத் தேர்தலில் தோற்றார். பின்னர் தனித்து நின்று வென்றார். 2018இல் நியூயார்க்கில் நீண்ட காலம் பதவியிலிருந்த ஜோ கிரௌலியை அலெக்சாண்ட்ரியா ஒகேசியோ-கோர்டேஸ் தோற்கடித்தார்.

மதிப்பீடு

வேட்பாளரைக் கட்சித் தலைவர்கள் தேர்ந்தெடுத்தால் உறுப்பினர்களின் குரல் நசுங்குகிறது. ஆர்வமுள்ள உறுப்பினர்கள் மட்டும் தேர்ந்தெடுத்தால் பெரும்பான்மை வாக்காளர்களுக்குப் பிடிக்காதவர்கள் வேட்பாளர்களாகலாம். எல்லா வாக்காளர்களையும் அனுமதித்தால் கட்சியின் முடிவில் எதிர்க்கட்சியினர் தலையிட வழி பிறக்கிறது. இம்மூன்றில் எதுவும் குறையற்றதன்று என்பதை 1912 முதலான நிகழ்வுகள் காட்டுகின்றன. முதல்நிலைத் தேர்தல்கள், தலைவர்களின் அதிகாரத்தை மக்களிடம் ஒப்படைப்பதற்காக உருவாக்கப்பட்டவை. அம்மக்களில் மிகச் சிலரே வாக்களிக்க வரும்வரை, அச்சிலரின் விருப்பமே கட்சியின் விருப்பமாக நிலைபெறும்.